பூச்சிமருந்து டப்பாவின் முகப்பில் ஒரு எச்சரிக்கை கேட்கிறேன்

பூச்சிமருந்து லேபிள்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேனீக்கள் சாகின்றன என்ற புகார் உங்களுக்குப் புதிதல்ல, அதனால் முன்கதை வேண்டாம். போன வாரம் என் தேனீப்பெட்டிகளுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், பூத்து நின்ற செடிகள் மேல் காலை வேளையில் ஸ்பைனோசாட் அடித்தார்கள்; அது மண் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்து. அடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. டப்பாவின் முகப்பில் 'இயற்கையானது, பாதுகாப்பானது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நம்பிவிட்டார்.

மதியத்துக்குள் பெட்டி வாசல்களில் தேனீக்கள் விழுந்து கிடந்தன. உடனே சாகவில்லை, அதுதான் கொடுமை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. இறக்கை அடித்தும் எழும்ப முடியாமல் மல்லாந்து ஒரே இடத்தில் சுற்றின. சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. அது அடுத்த நரம்பில் செய்தியை வாங்கும் ஏற்பியைத் தொட்டு வேலையை முடித்ததும் கணத்தில் சிதைக்கப்படுகிறது. ஸ்பைனோசாட் அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் ஒட்டி, ஓயாமல் தூண்டிவிடுகிறது. புகையிலையின் நிக்கோட்டின் பிடிப்பதும் இந்த வகை ஏற்பியைத்தான். மருந்தைத் தந்தது மண் பாக்டீரியாவா, செடியா, தொழிற்சாலையா என்று நரம்பு பார்ப்பதில்லை.

தெளித்த மருந்து ஈரமாக இருக்கும்போதுதான் தேனீக்கு ஆபத்து மிக அதிகம். சில மணி நேரம் காய்ந்துவிட்டால் பெருமளவு குறைந்துவிடும். தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு அடித்திருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். தேனீக்கள் வரும் நேரத்தில் அடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை டப்பாவின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது. அதை முகப்புக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதோடு முடியவில்லை. வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் என்ற மருந்து முக்கியமாகப் பூச்சியின் தீனியையும் தோலுரிப்பையும் கெடுக்கிறது. அதற்கும் நரம்பைத் தாக்கும் ஸ்பைனோசாட்டுக்கும் டப்பா முகப்பில் ஒரே பச்சை இலைப் படம் எப்படிப் பொருந்தும்? பைரித்ரம் பூவின் சாறு நரம்புக்குள் சோடியம் நுழையும் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. அதைப் போலத் தொழிற்சாலையில் செய்யும் பைரித்ராய்டு மருந்தும் அதையேதான் செய்கிறது. ஒன்றுக்குப் பழகிய பூச்சி மற்றதற்கும் பெரும்பாலும் அசையாது. இது தெரியாமல், மருந்தை மாற்றிவிட்டோம் என்று நினைத்துக் காசைக் கொட்டுகிறார்கள். இவ்வளவையும் அறிந்த நீங்கள் அந்த முகப்புகளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். மருந்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. அது பூச்சியின் எந்த நரம்பு இலக்கைத் தாக்குகிறது, தேனீயை என்ன செய்யும், எந்த நேரத்தில் அடிக்கக் கூடாது என்பதை முகப்பிலேயே, அடிப்பவருக்குத் தெரிந்த மொழியில், பெரிய எழுத்தில் அச்சிட ஆணையிடுங்கள். அடுத்த பூப்பருவத்துக்குள் இதைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பவர் ஒருவர்