பத்து விநாடிக்கு இரண்டு மின்னல்

கலங்கரை விளக்க அருங்காட்சியகத்தில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை, மூடுவதற்கு ஒரு மணி நேரமே இருந்தபோது, வயதான அப்பாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தேனே, அந்தப் பெண்தான் எழுதுகிறேன். அன்று சரியாக நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை.

அப்பா சரக்குக் கப்பலில் முப்பது ஆண்டுகள் மாலுமியாக இருந்தவர். கண் அழுத்த நோயால் பார்வை போய், இப்போது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் மட்டும்தான் தெரியும். "எனக்கு எதுக்கும்மா மியூசியம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். டிக்கெட் கொடுத்த தங்கை, அவர் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஐயா கப்பல்ல இருந்தவரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே இருந்த பெரியவரைப் போனில் கூப்பிட்டார்.

அந்தப் பெரியவர் பல வருடம் கலங்கரை விளக்கத்திலேயே வேலை பார்த்தவராம். முதலில் அவர் அப்பாவின் கையில் வைத்தது, ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாஃப் டாலேன் உருவாக்கிய சூரிய வால்வின் மாதிரி. அதில் ஒரு கறுப்புத் தண்டு இருக்கிறது. பகலில் அது வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடேறி நீளும், விளக்குக்குப் போகும் எரிவாயு அடைபடும். பொழுது சாய்ந்தால் சுருங்கும், விளக்கு தானாக எரியும். ஆளில்லாத பாறைகளில்கூட விளக்கு எரிந்தது இப்படித்தான். 1912இல் ஒரு வெடிவிபத்தில் டாலேனுக்கு இரண்டு கண்ணும் போனது. அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. அப்புறமும் 1937இல் இறக்கும்வரை தன் நிறுவனத்தை அவரே நடத்தினார். இதைக் கேட்ட பிறகு அப்பா அந்தத் தண்டை வெகுநேரம் கையை விட்டு இறக்கவே இல்லை.

அடுத்தது ஃபிரெனெல் லென்ஸ். பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823இல் முதன்முதலாக ஏறிய வகை. ஆளை விட உயரமாக, வளையம் வளையமாகக் கண்ணாடிப் பட்டகங்கள். சிதறிப் போகும் வெளிச்சத்தை வளைத்து ஒரே கற்றையாகக் கடலுக்கு அனுப்புவது அவைதான். தொடக்கூடாது என்று எழுதியிருந்தும், பொறுப்பாளர் அம்மா தாமே ஒரு மெல்லிய கையுறையைக் கொண்டுவந்து அப்பாவுக்கு மாட்டிவிட்டார். ஒவ்வொரு வளையத்தின் விளிம்பையும் விரலால் தடவி, கீழிருந்து எண்ணிக்கொண்டே போனார் அப்பா.

பிறகு நீங்கள் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, லென்ஸுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, பெரியவர் கையாலேயே மெதுவாகச் சுழற்றினார். பக்கத்தில் இருந்த பள்ளிப் பிள்ளைகளும் மூச்சுவிடாமல் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியைக்கும் தனியாக நன்றி.

வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழுந்து விழுந்து போனது. கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டிக் கணக்கு வைத்தார். "பத்து விநாடிக்கு ரெண்டு" என்றார். "சரியாச் சொன்னீங்க ஐயா" என்றார் பெரியவர்.

"ராத்திரில கோபுரத்தை யாரு பார்த்தா? இந்தக் கணக்கை வச்சுத்தான் எந்த விளக்குன்னு வரைபடத்துல தேடுவோம்" என்று அப்பா பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தார். மூடும் நேரம் தாண்டி இருபது நிமிடம் பேசினார். அவர் அவ்வளவு பேசி இரண்டு வருடம் இருக்கும். நீங்கள் யாருமே கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வருகிறோம். பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்க அடிக்கும் மூடுபனி மணியை அன்று அடித்துப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. அப்பா தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஒரு மாலுமியின் மகள்