அம்மாவின் மஞ்சள் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 76 வயது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். சென்ற கார்த்திகையில் ஒரு ராத்திரி மூன்று மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்தவர், தலை சுற்றிக் கொல்லைப்புற நிலைப்படியிலேயே விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. விடிகிற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறார். பால்காரர் வந்து கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் வார்டுக்கு வந்த ஓர் இளம் மருத்துவர், "அம்மா வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்களோ எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், ஒன்றையும் விடாதீர்கள்" என்றார். பீரோவுக்கு மேல், சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவுக்குள் என்று தேடியதையெல்லாம் அம்மாவின் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனேன். அவர் பையைக் கட்டிலின் மேல் கொட்டினார். மொத்தம் 14 அட்டைகள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் பிரித்து அடுக்கினார். அதற்கு இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இருபது நிமிஷத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அவர் எனக்குப் புரியும்படி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கே வரும் பிரஷர் மாத்திரை, அம்லோடிபின். டவுனில் ஒரு தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் அம்லோடிபின்தான். அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு. அம்மா அதை இன்னொரு வியாதிக்கான மருந்து என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். இந்த மருந்து கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அம்மாவுக்கும் வீங்கியது. கால் வீக்கம் என்று வேறொரு கிளினிக்குக்குப் போனார். அங்கே நீர் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் போட வேண்டிய அதை, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துவிடலாம் என்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டார். அதனால் நடுராத்திரியில் இரண்டு முறை, மூன்று முறை எழுந்து போக வேண்டியிருந்தது. இதற்கு நடுவே மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவர் தந்த வலி மாத்திரை. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர் ஏறியதும் மாத்திரையின் அளவு கூடியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தூக்க மாத்திரை. என் மாமா இறந்த சமயத்தில் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தது, இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

எந்த மருத்துவரும் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் வந்து நின்ற தொந்தரவுக்குச் சரியான மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். முழுப் பையையும் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மகளான நானும் பார்க்கவில்லை. மாதாமாதம் பணம் அனுப்பினேன், "மாத்திரை சாப்பிட்டாயா அம்மா" என்று தினமும் போனில் கேட்டேன். எந்த மாத்திரை, எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த இளம் மருத்துவர் 14 அட்டைகளை ஐந்தாகக் குறைத்தார். தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். இன்று அம்மா வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. ராத்திரி ஒருமுறைதான் எழுந்திருக்கிறார். அதே இருபது நிமிஷம் ஆறு மாதம் முன்னால் கிடைத்திருந்தால் அந்த வாக்கருக்கு வேலையே இருந்திருக்காது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. என் அப்பா அப்படி நிறுத்தியவர். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பிரஷர் மாத்திரையை விட்டார். 2009-ல் பக்கவாதம் வந்தது. நான்கு வருஷம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார். மாத்திரை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும், கணக்கில்லாமல் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் இரண்டுமே எங்கள் வீட்டுக்குத் தெரியும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று சொல்ல மருத்துவர்தான் வேண்டும். அதற்காகத்தான் உங்களிடம் வருகிறேன்.

வயதானவர் உடம்பு மருந்தை நடத்தும் விதமே வேறு. வயது ஏற ஏறச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்கிறது, மருந்து உடம்பைவிட்டு வெளியேற நேரமாகிறது. உடம்பில் நீரின் அளவு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் சில தூக்க மருந்துகள் நாள்கணக்கில் தங்கிவிடுகின்றன. நாற்பது வயதுக்காரருக்கு ஒன்றும் செய்யாத சளி மாத்திரை, எண்பது வயதுக்காரரைக் குழப்பத்தில் தள்ளி ஆள் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும், சிறுநீரைக் கட்டிவிடும். சுகர் மாத்திரை சிலவற்றில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ராத்திரி பசி இல்லை என்று அரை இட்லியோடு எழுந்துவிடுகிற பாட்டிக்கு அது எவ்வளவு ஆபத்து! வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். தள்ளாட்டம், மறதி, பசியின்மை, மலச்சிக்கல் என்று முதுமையின் கணக்கில் எழுதிவைத்த பலவற்றில் மாத்திரைக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது எனக்கே சென்ற கார்த்திகைக்கு அப்புறம்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க நாடுகளுக்கெல்லாம் அழைப்பு விடுத்தபோது, ஒரே ஆள் பல மருந்துகளைச் சாப்பிடுவதை முதன்மையாகக் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களில் ஒன்றாக வைத்தது. நம் மாநிலத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு 60 வயது கடந்திருந்தது. 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான்.

முதியோர் மருத்துவத்தில் இந்த நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலமும் இதுதான். 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியபோது இந்தியாவில் வேறெங்கும் அப்படி ஒன்று இல்லை. இன்று கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் என் அம்மாவால் கிண்டிக்கு வர முடியாது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் வருவதற்கே இரண்டு பேர் பிடித்து ஏற்ற வேண்டும்.

ஆனால் அவர் வீட்டு வாசலுக்கு உங்கள் ஆள் வருகிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வந்தது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது அதற்குக் கிடைத்தபோது நான் உண்மையிலேயே பெருமைப்பட்டேன். எங்கள் பகுதிக்கு வரும் தன்னார்வலர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண். அம்மாவை "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுவார். பிரஷர் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், மாத்திரையைக் கையில் கொடுத்து, போன மாதத்து மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார். பெற்ற பிள்ளைகளைவிட அதிகமாக அம்மாவின் முகத்தைப் பார்ப்பவர் அவர். அவரிடம் இல்லாதது ஒரே ஒரு கேள்வி: "பெரியம்மா, இதைத் தவிர வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அந்தப் பையை எடுத்து வாங்களேன்."

அந்தக் கேள்வியை அவருடைய வேலையில் சேருங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். மருந்தைப் பற்றி அவர் முடிவு ஏதும் எடுக்க வேண்டாம். ஐந்து மருந்துக்கு மேல் இருந்தாலோ, ஒரு வருஷத்தில் ஒருமுறை விழுந்திருந்தாலோ நோட்டில் குறித்து, அந்தப் பெரியவரை மருத்துவரிடம் அனுப்பினால் போதும். இந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுங்கள். அவர்கள் இப்போது வாங்குவதை வைத்து இன்னும் ஒரு சுமையை ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவரிடம் போனால் அவருக்கு நேரம் வேண்டுமே என்பீர்கள். நியாயம்தான். காலை ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது பையைக் கொட்டிப் பார்க்க யாராலும் முடியாது. எங்கள் ஊர் நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய், தடுப்பூசிக்குப் புதன் என்று கிழமை இருக்கிறது. முதியோருக்கும் ஒரு கிழமை வேண்டும். இதை நான் புதிதாகக் கேட்கவில்லை. 2010-ல் வந்த தேசிய முதியோர் நலத் திட்டமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள் முதியோர் கிளினிக் நடக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. அந்த நாள் எல்லா ஊரிலும் உண்மையாக நடக்கட்டும். அன்று நாலு பேரின் பையையாவது கொட்டிப் பார்க்கட்டும். வாரம் நாலு பேர் என்றால் வருஷத்துக்கு ஒரு நிலையத்தில் இருநூறு பேர்.

பைக்குள் ஆங்கில மருந்து மட்டும் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் அம்மாவின் பையில் ஒரு சூரண டப்பாவும் பக்கத்து வீட்டுச் சித்தி, "எனக்கு நன்றாகக் கேட்டது" என்று கொடுத்த நாலு மாத்திரையும் இருந்தன. திட்டினால் அடுத்த தடவை அதையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு மீதியைத்தான் கொண்டு வருவார்கள்.

பிரஷர் பார்க்கும்போது உட்கார வைத்துப் பார்ப்பதோடு விட்டுவிடாமல், படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்றபின் மூன்று நிமிஷத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நின்றவுடன் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அவர் விழக்கூடியவர் என்று அர்த்தமாம். இதற்குப் புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டாம். அம்மாவுக்கு அப்படிப் பார்த்தது விழுந்த பிறகுதான்.

அப்புறம், ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொருவர் நிறுத்தத் தயங்குகிறார். "பெரிய டாக்டர் எழுதியது, நான் எப்படி எடுப்பது?" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. வயதானவர்களுக்கு எவற்றைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், எவற்றை எப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று துறையே ஒரு வழிகாட்டுதல் கொடுத்தால் அப்படித் தயங்குகிற மருத்துவருக்கு அது துணையாக நிற்கும். சிக்கலான பைகளை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கும் பொது மருத்துவரிடம் போனில் கேட்டு முடிவெடுக்கலாம். ஃபார்ம்.டி என்று ஆறு வருஷப் படிப்பு 2008 முதல் நம் நாட்டில் இருக்கிறது. ஒரு மருந்தோடு இன்னொரு மருந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையே படித்து வரும் பிள்ளைகள் அவர்கள். வட்டாரத்துக்கு ஒருவரை இந்த வேலைக்கென்று எடுங்கள். பிசியோதெரபிக்கும் வலி தணிப்புச் சிகிச்சைக்கும் வட்டார அளவில் ஆள் போட்ட துறைக்கு இது முடியாத காரியம் இல்லை.

கடைசியாக ஒரு தாள். பையைப் பார்த்து முடித்ததும், பெரிய எழுத்தில், தமிழில், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மருந்தின் மூலப்பெயர், எதற்கு, காலையா ராத்திரியா, எதுவரைக்கும். 'எதுவரைக்கும்' என்ற கட்டம் இருந்திருந்தால் அந்தத் தூக்க மாத்திரை பதினோராம் நாளே நின்றிருக்கும். மூலப்பெயரைப் புரியும் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்துவிட்டது. அப்படி எழுதியிருந்தால் இரண்டு அம்லோடிபினை மெடிக்கலில் நிற்கும் பையன்கூடக் கண்டுபிடித்திருப்பான். எழுத்துத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். அம்மாவுக்கு நான் அப்படித்தான் வரைந்து ஒட்டியிருக்கிறேன், அரிசி டப்பா மூடியின்மேல். கேட்பவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார். பக்கத்து வீட்டுச் சித்தி தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருடைய பையையும் பார்த்தேன். பன்னிரண்டு அட்டை இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் தாளில் சூரியனும் வரையவில்லை, நிலாவும் வரையவில்லை.

எங்கள் நிலையத்தில் எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேரையும், இரண்டு பையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
தஞ்சாவூர் மாவட்டம்