குடியிருப்பு மன்றம்: செல்விக்கு ஒரு கடிதம்

அட்டன்

அன்பின் செல்வி,

கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்திருக்கிறாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அவளுக்கு ஒரு வேலையும் இந்தக் கடிதத்திலேயே வைத்திருக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கொழுந்து நன்றாக வருகிறது, பாதைதான் போய்விட்டது.

உங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று டிவிசனுக்கும் (பிரிவுக்கும்) சேர்த்துக் குடியிருப்பு மன்றம் தொடங்கப் போவதாகவும், யாரைத் தலைவராக்குவது என்பதிலேயே பேச்சு நிற்பதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து தொடங்கினால் மன்றம் நிற்கும். தலைவரிலிருந்து தொடங்கினால் அது அவருடைய மன்றமாகி, அவர் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடும்.

நம் பக்கத்தில் 'தலைவர்' என்றாலே சங்கத் தலைவர்தான், ஆபீசுக்குப் போய்த் தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசுகிறவர். நாட்சம்பளத்துக்கான பேர், கையில் கொடுக்கும் கைக்காசு, வேலைநாள் எல்லாம் அவர் வேலை. அது தொழில் விவகாரம். மன்றத்தின் வேலை தண்ணீர், கழிவுநீர்க் கான், படிக்கட்டு, குப்பை, லைட், பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவம் போன்றவை. இரண்டும் ஒரே ஆளிடம் போனால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். ஒரு தோட்டத்தில் மூன்று நான்கு தொழிற்சங்கம் இருக்கும். அவற்றுக்குள் மனஸ்தாபம் வந்த அன்று பொதுக் குழாயான பீலியின் தண்ணீரும் சேர்ந்து நின்றுபோகும். நிர்வாகமும் மன்றத்தை இன்னொரு சங்கம் என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆகவே மன்றத்தின் விதிகளான யாப்பில் தெளிவாக எழுதுங்கள்: தொழிற்சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் மன்ற அங்கத்தவர்களாகலாம், வாக்களிக்கலாம்; தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிக்கு மட்டும் வரமுடியாது. கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோருக்கும் இதே விதிதான். அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. காலையில் வேலை கொடுக்கிறவர் முன்னால் மாலையில் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள், அதுதான் காரணம்.

முதல் வேலை குடும்பப் பட்டியல். தோட்டத்தின் தொழிலாளர் பதிவான செக்ரோலைப் பார்த்து எழுதாதீர்கள். செக்ரோலில் பேர் உள்ளவர்கள் மட்டுந்தான் தோட்டத்தில் இருக்கிறார்களா? பென்சன் எடுத்த கிழவர்கள், கொழும்பில் வேலை செய்பவர்களின் குடும்பங்கள், வெளியில் மேசன் வேலைக்குப் போகிறவர்கள், காய்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகும் பெண்கள் எல்லாரும் அதே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். காம்பரா காம்பராவாக, அதாவது வீடு வீடாகப் போய் எழுதுங்கள்: குடும்பத்தவர் எண்ணிக்கை, 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், வயோதிபர், நடமாட முடியாதவர், கைக்குழந்தை. மழைக்காலத்தில் இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் அது புருசனுடைய வாக்காகிவிடும். 18 வயதான ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு.

பிறகு லயப் பிரதிநிதிகள். 10 முதல் 15 குடும்பத்துக்கு இருவர், அதில் ஒருவர் பெண். தனி வீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களையும் இதே கணக்கில் கூறு பிரித்துவிடலாம். 120 குடும்பமுள்ள ஒரு டிவிசனில் 16 முதல் 24 பேர் வருவார்கள். அதுவே போதும், 30 பேரைத் தாண்டினால் கூட்டம் இரைச்சலாகிவிடும். மூன்று டிவிசனுக்கும் ஒரே சபை என்று வைக்காமல் டிவிசனுக்கு ஒரு குழு அமைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று பேரை மத்திய குழுவுக்கு அனுப்புங்கள். கீழ் டிவிசன் பீலிக்கு மேல் டிவிசன் முடிவெடுக்கக் கூடாது. மேல் டிவிசன் குப்பை கீழே கானில் வந்து அடைக்கிறது என்பது போன்ற பொது விஷயம் மட்டும் மத்திய குழுவுக்குப் போகட்டும்.

பிரதிநிதியைக் கை உயர்த்தித் தெரிவு செய்யவேண்டாம் செல்வி. லயத்தில் ஒரு சுவர்தான் இடையில். பக்கத்துக் காம்பராக்காரருக்கு எதிராகக் கை தூக்கிவிட்டு மறுநாள் அவர் வாசல் இஸ்தோப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். கடைசியில் பெரிய குடும்பம், சொந்தபந்தம் அதிகமுள்ளவர், கோயில் காரியத்தில் முன்னிற்பவர் என்று அதே முகங்கள்தான் வரும். துண்டுக் காகிதமும் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தால் போதும். எழுத்து வராதவர்களுக்காகப் போட்டியிடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத் துண்டைப் போடச் சொல்லலாம். எண்ணுவதை அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும் முடியுங்கள்.

உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற ஏற்பாடு 2018 தேர்தலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. மன்றத்தில் அது பாதியாக இருக்கவேண்டும். ஆனால் பேரில் மட்டும் பாதி இருந்து பயனில்லை. பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் எந்தப் பெண் வருவாள்? கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, மடுவத்திலிருந்து வந்து, அடுப்பு மூட்டும் நேரம் அது. ஞாயிறு பகல் மூன்று மணி, பிள்ளை மடுவத்தில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே வரலாம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கவேண்டாம்.

லயப் பிரதிநிதிகள் தங்களுக்குள் ஏழு பேரை நிர்வாகக் குழுவாகத் தெரிவு செய்வார்கள்: தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர், பொருளாளர், இரண்டு உறுப்பினர்கள். பதவிக்காலம் ஒரு வருடம், ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் முடியாது. மூன்று கூட்டத்துக்குக் காரணம் சொல்லாமல் வராவிட்டால் இடம் காலி. லயத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் தங்கள் பிரதிநிதியை மாற்றலாம். இந்தக் கடைசி விதியைப் பலர் யாப்பில் சேர்ப்பதில்லை. சேர்க்காத இடத்தில் ஆளை மாற்ற மன்றத்தையே உடைக்கவேண்டி வருகிறது.

நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடவேண்டும், பொதுக்கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல், வருடாந்தக் கூட்டத்துக்கு 14 நாள், யாப்பை மாற்ற 21 நாளும் மூன்றில் இரண்டு வாக்கும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் மட்டும் சொன்னால் வேலைக்குப் போகாதவர்களுக்குத் தெரியாது. கோயிலிலும் கடையிலும் ஒட்டுங்கள். கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, நிர்வாகக் குழுவுக்குப் பாதி, பொதுக்கூட்டத்துக்கு மூன்றில் ஒன்று. பொதுக்கூட்டத்துக்கும் பாதி என்று ஆசைப்பட்டு எழுதினால் ஒரு கூட்டமும் நடக்காது.

கூட்டத்தின் அறிக்கைதான் மன்றத்தின் உயிர். 'பீலி திருத்துவது பற்றிப் பேசப்பட்டது' என்று எழுதினால் அது ஒன்றுமில்லை. இப்படி இருக்கவேண்டும்: '5ஆம் லயத்துப் பீலிக்கு ஒரு அங்குலக் கறுப்புக் குழாய் 40 மீற்றர் வாங்குவது. இரண்டு கடையில் விலை கேட்பது. பொறுப்பு: 5ஆம் லயப் பிரதிநிதிகள் இருவரும். சிரமதானம்: அடுத்த ஞாயிறு காலை, வீட்டுக்கு ஒருவர். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு.' அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக இதை வாசித்து, நடந்ததா என்று கேட்கவேண்டும். அறிக்கையைத் தனித் தாளில் எழுதாமல், பக்க எண்ணிட்ட கட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தாள் கிழிந்தால் தெரியவேண்டும்.

பணம். மாதம் 100 ரூபாய் போதும் என்று நினைக்கிறேன். 120 குடும்பத்துக்கு 12,000. சம்பளம் போடும் நாளுக்கு மறுநாளே லயப் பிரதிநிதி வசூலிக்கவேண்டும், ஒரு கிழமை போனால் கைக்கு வராது. செக்ரோலில் பிடித்துத் தரச் சொன்னால் வசதிதான், ஆனால் அப்போது மன்றத்தின் காசு நிர்வாகத்தின் கையில் இருக்கும். செக்ரோலில் இல்லாதவர்களும் விடுபட்டுப் போவார்கள். தொடர் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, காபன் வைத்து இரண்டு பிரதி. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

அநேக மன்றங்கள் கவிழ்வது திருட்டால் அல்ல, கைமாற்றால். பொருளாளர் வீட்டு அலுமாரியில் 20,000 ரூபாய் இருப்பது லயம் முழுக்கத் தெரியும். யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு வரும், அழுதுகொண்டு வந்து நிற்பார். இல்லையென்று சொல்ல எந்த மனிதருக்கும் மனம் வராது. அந்தக் காசு திரும்பி வருமுன் கூட்டம் வந்துவிடும். குற்றம் பொருளாளர் மேல் விழும். அவரை அந்த இக்கட்டில் விடக் கூடாது என்பதற்காகவே விதி வேண்டும்: கையில் 3,000க்கு மேல் இருக்கக் கூடாது, மிச்சம் ஏழு நாளுக்குள் வங்கிக்கு. கணக்கு மன்றத்தின் பேரில், பொருளாளரின் கையொப்பம் கட்டாயம், கூடவே தலைவர் அல்லது செயலாளர். மூவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே லயமாகவோ இருக்கக் கூடாது. கணக்குத் திறக்கப் போகும்போது யாப்பின் பிரதி, தெரிவு நடந்த கூட்டத்தின் அறிக்கை, மூவரின் அடையாள அட்டை, பதிவுக் கடிதம் எல்லாம் கொண்டுபோனால் இரண்டாம் முறை பஸ் ஏறவேண்டியதில்லை. பதிவுக்கு கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

நிர்வாகக் குழுவில் இல்லாத இருவர் கணக்குப் பரிசோதகர்கள். இங்கேதான் உன் மகள் வருகிறாள். வரவு செலவுப் புத்தகம், பற்றுச்சீட்டு அடிக்கட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அவள் வயதுப் பிள்ளைகளுக்கு அரை நாள் வேலை. ஒவ்வொரு காலாண்டும் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டட்டும்.

ஏற்கனவே இருக்கும் சங்கங்களைக் கலைத்துவிடாதீர்கள். மாதர் சங்கம், இளைஞர் கழகம், கோயில் பரிபாலன சபை ஒவ்வொன்றுக்கும் மன்றத்தில் ஒரு ஆசனம் கொடுங்கள், பேசலாம், வாக்கில்லை. மரண உதவிச் சங்கத்தின் பணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மன்றக் கணக்கோடு சேர்க்காதீர்கள். குழாய் வாங்க அதில் கை வைத்துவிட்டு, அன்றிரவே ஒரு சாவு விழுந்தால் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவது? வெளி நிறுவனம் ஒன்று வந்து திட்டம் தருகிறது என்றாலும் அதற்காகப் புதுச் சங்கம் தொடங்கவேண்டாம். மன்றத்தின் உப குழுவாக வையுங்கள். திட்டம் முடிந்ததும் செத்துப்போன சங்கங்களின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் நிற்கின்றன.

மன்றம் கேட்கக் கூடாத விவகாரமும் உண்டு. கோழி, எல்லை, வசவு போன்ற சில்லறைச் சண்டையை இரண்டு லயப் பிரதிநிதிகள் பேசித் தீர்க்கலாம். தீராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. ஆனால் மனைவியை அடித்தவன், பிள்ளையிடம் தவறாக நடந்தவன் இவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவைத்து அனுப்பும் வேலை மன்றத்துக்கு வேண்டவே வேண்டாம். அது பொலிஸுக்குப் போகவேண்டியது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

பிரதேச சபை பற்றிக் கேட்டிருந்தாய். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் 'அது தோட்டக் காணி, எங்களால் செலவழிக்க முடியாது' என்று இவ்வளவு காலமும் நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். வாக்குக் கேட்க மட்டும் லயத்துக்குள் வர முடிந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. அதே ஆண்டுத் தேர்தலிலேயே நுவரெலியா, அம்பகமுவ சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிந்தன. எனவே இனிமேல் வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள். மன்றத்தின் தீர்மானப் பிரதி, எத்தனை மீற்றர் பாதை, எத்தனை குடும்பம், இரண்டு படம், நிர்வாகம் ஆட்சேபிக்கவில்லை என்ற துரையின் கடிதம் இவ்வளவையும் ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள். துரையின் கடிதம் இல்லாத கோரிக்கைதான் அதிகம் கிடப்பில் கிடக்கிறது. சபையின் வரவுசெலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேறவேண்டும் என்பதால் ஓகஸ்ட், செப்டம்பரில் கொடுத்தால்தான் அடுத்த வருடக் கணக்கில் ஏறும். டிசம்பரில் கொடுப்பது வீண். வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி, பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நம் வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும்.

இன்னும் ஒன்று, பதுளைப் பக்கம் இருக்கும் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்த இடம் அபாயமானது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டுத்தான் இருந்தது. சொன்னதை லயத்து வாசல் வரை கொண்டுபோய், 'எழும்புங்கள்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் தீராமல் கிடந்த கேள்வி. அதை யாப்பிலேயே தீர்த்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் கூட்டிக் கோரம் பார்க்க முடியாது. மூன்று பேர் கொண்ட அனர்த்த உப குழு. அவர்களில் யாராவது ஒருவர் சொன்னால் லயம் காலியாகவேண்டும், பாடசாலை மண்டபம் திறக்கவேண்டும், 10,000 ரூபாய் வரை செலவழிக்கலாம், கணக்கைப் பிறகு காட்டலாம். அளவு அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்து மழை விடாவிட்டால் விழிப்பு, 100 கடந்தால் மூட்டை கட்டி ஆயத்தம், 150 கடந்தாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 கடந்தாலோ வெளியேறுவது. ஆபீசில் மழைமானி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அதைக் காலையில்தான் பார்ப்பார்கள். நேரான பக்கமுள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டிப் புனல்போல் அதன் வாயிலேயே கவிழ்த்து, அடிக்குழிவைச் சிமெந்தால் மட்டமாக்கி, அந்த மட்டத்திலிருந்து அளவுகோல் ஒட்டினால் உங்கள் மழைமானி தயார். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காதீர்கள். மழை இரவுகளில் மணிக்கொருமுறை பார்க்க முறைப் பட்டியல் போடுங்கள். வெடிப்பு, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது, மரம் சாய்வது இவற்றைக் கண்டால் அளவுக்குக் காத்திருக்கவேண்டாம், உடனே வெளியேறிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.

யாப்பின் வரைவை எழுதியதும் அனுப்பு, நான்கு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். சேர்க்கவேண்டியதை ஓரத்தில் எழுதி ஒரு கிழமைக்குள் திருப்பி அனுப்புகிறேன். குடும்பப் பட்டியலுக்கு நான் கோடு போட்டு வைத்திருக்கும் படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், பிரதி எடுத்துக்கொள். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி என்று நீ எழுதவேயில்லை.

அன்புடன்,
மல்லிகா