எத்தனையாம் பிள்ளை என்று கேட்டீர்கள்

ஸ்காபரோ
நவம்பர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க அரசகேசரிப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

போன ஞாயிறு தம்பியின் போனில் "பேத்தி வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று மூன்று தரம் கேட்டீர்கள். நான் மூன்று தரமும் பதில் சொன்னேன். உங்கள் காதுக்கு அது எட்டவில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிந்தது. எழுதினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசிப்பீர்கள், பிறகு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா, இங்கே எத்தனையாம் பிள்ளை என்று ஒன்று இல்லை. றிப்போட் வந்துவிட்டது. இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்த மூலையிலும் அந்த எண் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் அவளுடைய புள்ளி இருக்கிறது. பக்கத்தில் அந்த வகுப்பின் இடையம் இருக்கிறது. நீங்கள் தரம் 9க்குப் படிப்பித்த அதே இடையம்தான்: புள்ளிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. கணிதத்தில் அவளுக்கு 91, வகுப்பின் இடையம் 74. விஞ்ஞானத்தில் 78, இடையம் 75. உடற்கல்வியில் 80. மற்றது புதிதாக வந்த பிள்ளைகளுக்கான ஆங்கிலம், அதில் 70. அவ்வளவுதான். நான்கே பாடம். செப்ரெம்பரில் இருந்து ஜனவரிக் கடைசி வரை இந்த நான்கும், பிறகு ஜூன் வரை வேறு நான்கு. எங்களைப் போல ஒன்பது பாடத்தையும் வருடம் முழுக்க இழுப்பதில்லை.

புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு பகுதி. பொறுப்பு, ஒழுங்கு, தனியாக வேலை செய்தல், மற்றவர்களோடு சேர்ந்து செய்தல், தானாக முன்வருதல், தன்னைத் தானே நெறிப்படுத்தல் என்று ஆறு. ஒவ்வொரு பாட ரீச்சரும் இந்த ஆறுக்கும் மிக நன்று, நன்று, திருப்தி, இன்னும் முன்னேற வேண்டும் என்று எழுத்துப் போடுகிறார்கள். தானாக முன்வருதலில் மூன்று பாடத்திலும் அவளுக்குத் திருப்தி மட்டுந்தான். கணிதத்தில் மட்டும் மிக நன்று. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது, அப்பா. முதலாம் பிள்ளையா பத்தாம் பிள்ளையா என்று தெரியாமல் எப்படிப் பிள்ளையைப் படிப்பிப்பது என்று இவரோடு வாதாடினேன். பெற்றோர் சந்திப்புக்குப் போய், ஆங்கிலத்தை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, கணித ரீச்சரிடம் நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. "அது எங்களிடம் இல்லை. உங்கள் மகள் செப்ரெம்பரில் என்ன செய்தாள், இப்போது என்ன செய்கிறாள் என்று காட்டலாம்" என்று சொல்லி அவளுடைய இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் தாளில் விடைகள் மட்டும் இருந்தன. இரண்டாவதில் வழியும் இருந்தது, ஓரத்தில் சின்னதாக அவள் எழுதிய ஆங்கில வசனங்களும் இருந்தன. பத்து நிமிடந்தான் தந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் என் பிள்ளையைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சரி, பள்ளிக்கூடத்துப் புதினங்களுக்கு வருகிறேன்.

இது ஹைஸ்கூல், 9ஆம் வகுப்பில் இருந்து 12 வரை. தொழிலாளர் தினம் இங்கே செப்ரெம்பர் முதல் திங்கள். அடுத்த நாள் செவ்வாய் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். போன வருடம் அவள் 8ஆம் வகுப்பில் வந்து சேர்ந்து, ஒருவரோடும் கதைக்காமல் அந்த வருடத்தைக் கடத்தினாள். இந்தப் புதுக் கட்டிடத்துக்கு அவளும் புதிது, அவளோடு வந்த எல்லோரும் புதிது. அதுவே அவளுக்கு நல்லதாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

செப்ரெம்பர் கடைசியில் பள்ளிக்கூடம் முழுக்க ஓடியது. ரெறி பொக்ஸ் என்ற பையனின் நினைவாக ஓடுவது. பதினெட்டு வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12 அன்று, புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க, செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினான். ஒவ்வொரு நாளும் ஒரு மரதன் தூரம். 143 நாள், 5,373 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஆறு தரம் போய் வருவதை விடக் கூட. பிறகு நோய் நெஞ்சுக்குப் பரவி நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த வருடம் இறந்தபோது அவனுக்கு 22 வயது. பிள்ளைகள் இரண்டு டொலர்க் காசு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். ஒருவருக்கும் முதலாமிடம் இல்லை, நடந்தாலும் சரி. இவள் வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, எங்கட சந்தியில சைக்கிள் திருத்துற மாமாவுக்கும் ஜெய்ப்பூர் கால்தானே?" வகுப்பில் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வசனம் சொன்னாளாம். கண்ணிவெடி என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாமல் படம் கீறிக் காட்டினாளாம்.

செப்ரெம்பர் 30 அன்று எல்லோரும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். இந்த நாட்டின் ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிக்கூடங்களில் போட்டு, சொந்த மொழியில் கதைக்க விடாமல் வளர்த்தார்கள். 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1973இல் பில்லிஸ் வெப்ஸ்ரட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு அவளுடைய அம்மம்மா ஒரு செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்து அனுப்பினார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கவே இல்லை. அந்தச் சட்டைக்காகத்தான் இந்த நாள். சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். நான் ஒரு வருடமாகக் கெஞ்சியும் போகாதவள். ஹைஸ்கூலில் தமிழ் படித்தால் அதற்கும் கிரெடிட் கிடைக்கும். முப்பது கிரெடிட் சேர்த்தால்தான் படித்து முடித்த பத்திரம்.

அதோடு நாற்பது மணித்தியாலம் சம்பளமில்லாமல் ஊருக்கு வேலை செய்திருக்க வேண்டும். நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓம் அப்பா, சிரமதானமேதான். இவள் சாப்பாட்டு வங்கி ஒன்றில் பேணிகளின் திகதி பார்த்துப் பிரித்து அடுக்குகிறாள். இதுவரை ஆறு மணித்தியாலம்.

மரங்களைப் பற்றி அம்மா கேட்டா. அம்மாவிடம் சொல்லுங்கள், வீட்டுப் பூவரசில் ஒன்றிரண்டு இலை மஞ்சளாகி விழுமே, அதை ஒரு தெரு முழுக்க, ஒரே கிழமையில் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் குறையக் குறைய இலையில் இருக்கிற பச்சை அழிகிறது. மஞ்சள் முந்தியே உள்ளே இருந்ததுதான், பச்சை போனதும் தெரிய வருகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியில்லை, அது இந்த நேரத்தில் புதிதாக உண்டாகிறதாம். விஞ்ஞானப் பாடத்துக்காக அவள் ஐந்தாறு இலைகளை உங்கள் பழைய அகராதிக்குள் வைத்திருக்கிறாள். ஒக்ரோபர் நடுவில் வடிவோ வடிவு. இப்போது எல்லாம் கொட்டிவிட்டது, பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டு. மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டார்கள். அதனால் எங்களுக்கும் உங்களுக்கும் இடையில் இப்போது பத்தரை மணித்தியாலம். தம்பியிடம் சொல்லி வையுங்கள், போன கிழமை அவன் எடுத்தபோது நான் வேலைக்குப் போக பஸ்சுக்குள் நின்றேன்.

ஒக்ரோபர் கடைசியில் நடந்த ஒன்றை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

பள்ளிக்கூடத்தில் ஒரு ஒத்திகை வைத்தார்கள். யாராவது ஆயுதத்தோடு உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதற்கு. வகுப்புக் கதவைப் பூட்டி, விளக்கை நிறுத்தி, கதவுக்கு மறைவான மூலையில் பிள்ளைகள் எல்லோரும் நிலத்தில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். வருடத்தில் சில தரம் நடக்கும் வழக்கமான ஒத்திகைதான், முன்கூட்டியே பெற்றோருக்கு அறிவித்தும் இருந்தார்கள். அந்தக் கடிதத்தைச் சமையலறையில் நின்று வாசித்தேன். கை நடுங்கியது. பிள்ளையை இதிலிருந்து தள்ளித்தானே இவ்வளவு தூரம் கொண்டுவந்தோம்.

அவள் சாதாரணமாக வந்து, இருட்டுக்குள் பக்கத்துப் பிள்ளைக்கு விக்கல் வந்த கதையைச் சொன்னாள். நான் பதிலுக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பங்கரைப் பற்றிச் சொன்னேன். பிறகு அப்படியே 1995 ஒக்ரோபர் 30, ஊர் முழுக்க இடம்பெயர்ந்த அந்த இரவு, கதைக்குள் வந்துவிட்டது. அதுவரை அவளுக்கு அதைச் சொன்னதில்லை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் நகராமல் நின்ற சனம், உங்கள் சைக்கிளின் பின்னால் அம்மாவின் தையல் மெசினுக்குப் பதிலாக நீங்கள் கட்டியிருந்த வரவு இடாப்பும் வெண்கட்டிப் பெட்டியும். அம்மா அதற்காக உங்களோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. தென்மராட்சியில் அந்த மாமரத்துக்குக் கீழே பள்ளிக்கூடத்தைத் தொடங்கியபோது, ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிடுவீர்கள். வராத பிள்ளையின் பெயரை வெட்டாமல் அப்படியே விட்டு வைப்பீர்கள். அந்தத் தவணைக்கு நீங்கள் ஒருவருக்கும் எத்தனையாம் பிள்ளை என்று எழுதவில்லை, அப்பா. எங்கள் எல்லோருடைய றிப்போட்டிலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. அவளுக்கு இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே அது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் பிள்ளைகள் பேய் வேடம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அது இங்கே ஒரு கொண்டாட்டம். அவள் வேடம் போடவில்லை, இனிப்பு மட்டும் நிறையக் கொண்டுவந்தாள்.

இந்த மாதம் முதல் புதன்கிழமை, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரின் வேலை இடத்துக்குப் போகும் நாள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு என்னோடு விடிய வெள்ளனவே வந்தாள். தலைக்கு வலை போட்டு, பாத்திரம் எண்ணித் தந்தாள். உங்கள் வயதில் ஒரு பாட்டாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அரை மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் அவருக்கு நீர்வேலி வாழைத்தோட்டத்தின் படத்தை போனில் காட்டிக்கொண்டு இருக்கிறாள்.

இப்போது அந்த மிக நன்று. வகுப்பில் எல்லோரும் கல்குலேற்றரைத் தேட, இவள் தாளில் பெருக்கிவிட்டு ஓரத்தில் எதையோ எழுதி எழுதி வெட்டினாளாம். ரீச்சர் என்ன அது என்று கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒன்பதைத் தள்ளிச் சரிபார்க்கிற முறைதான். ஒருவரும் கேட்காமலே எழும்பிப் போய்ப் பலகையில் செய்து காட்டினாளாம். 47ஐ 32ஆல் பெருக்கினால் 1504. நாலும் ஏழும் பதினொன்று, அதில் ஒன்றும் ஒன்றும் இரண்டு. மூன்றும் இரண்டும் ஐந்து. இரண்டைந்து பத்து, அது ஒன்று. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் பத்து, அதுவும் ஒன்று. சரி. "என் அம்மப்பாவின் முறை" என்று சொன்னாளாம்.

அப்போது ஒரு பெடியன் கை உயர்த்தி, "விடையை 1054 என்று மாற்றி எழுதியிருந்தால்?" என்று கேட்டிருக்கிறான். கூட்டிப் பார்த்தாள், அதுவும் ஒன்று. பிழையான விடையும் சரி என்று வருகிறது. ரீச்சர் சந்தோசப்பட்டு, இந்த முறை ஏன் வேலை செய்கிறது, ஏன் இந்தப் பிழையைப் பிடிக்கவில்லை என்று எல்லோரையும் யோசித்து வரச் சொன்னாராம். பத்தை ஒன்பதால் பிரித்தால் மீதி ஒன்று என்பதில் இருந்து நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன். பாதி வழியில் எனக்கே தடக்கியது. அவளுக்குத் திருப்தியில்லை. "அம்மப்பாவைக் கேளுங்கோ" என்கிறாள்.

அதனால் அப்பா, அவளுக்கு நீங்களே எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், வாசிப்பாள். தம்பியிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினால் கெதியாக வரும், ஆனால் தாளையும் தபாலில் போடுங்கள். கட்டம் போட்ட கொப்பித் தாளில், நீங்கள் எங்களுக்கு எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு படியாக. திங்கட்கிழமைக்குள் படம் வந்தால் நல்லது. அந்தப் பெடியனுக்கும் காட்ட வேண்டுமாம்.

மழைக்குள் கிணற்றடிக்குப் போகாதீர்கள். அம்மாவின் காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மூத்த மகள்