ஒரு பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் வெளிநாடு போய்வருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் இரண்டு இடங்களில் தவறு இருக்கிறது. அதில் ஒன்று எங்களை நடுராத்திரியில் விமான நிலையத்தில் உட்கார வைத்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

"ஒரு பாஸ்போர்ட்டை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், தொலைந்தாலும் கவலையில்லை" என்று கட்டுரையாளர் சொல்கிறார். என் மகளும் அப்படித்தான் நினைத்தாள். நர்ஸ் வேலைக்கு லண்டன் போய் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவள், அப்புறம் குடும்பத்தோடு டொராண்டோ போய் அங்கேயும் குடியுரிமை பெற்றாள், பேரனுக்கும் இரண்டும் உண்டு. அவர்களுடைய ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்து எடுத்தது. அதனால் இந்தியா வரும்போது அந்த இரண்டையும் காட்டித்தான் உள்ளே வருவார்கள். போன ஜூலையில் வந்தபோது கனடா பாஸ்போர்ட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். டொராண்டோவில் ஏறும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் அங்கே கவுண்டரில் பார்ப்பது இந்தியாவுக்குள் விடுவார்களா என்பதை மட்டும்தான்.

திரும்பிப் போகும் விமானம் பெங்களூரிலிருந்து அதிகாலை 3 மணிக்கு. வழியில் இருக்கும் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் கோத்தகிரியிலிருந்து முந்தின நாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். கவுண்டரில் இருந்த பெண் ஏதோ தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடி தட்டினார், அப்புறம் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து, "நீங்க கனடா சிட்டிசனா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியென்றால் கனடா பாஸ்போர்ட் இல்லாமல் ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். டொராண்டோவிலிருந்து மருமகன் வீடியோ காலில் இரண்டு நீலப் புத்தகங்களையும் விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார், அதைப் பார்த்து அவர்கள் என்ன செய்ய முடியும்? பேரன் தள்ளுவண்டியில் பெட்டிகள் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டான், அவன் மடியில் ஊட்டி வர்க்கி டப்பா.

அந்தக் கவுண்டர்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கனடாவில் 2016 நவம்பர் 10 முதல் இருக்கும் விதி இது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் கனடாவுக்கு விமானத்தில் போக வேண்டுமானால் இணையத்தில் முன்அனுமதி எடுக்க வேண்டும், ஆனால் அந்த முன்அனுமதியைக் கனடா தன் சொந்தக் குடிமக்களுக்குத் தராது. அதாவது நீங்கள் இரண்டு நாட்டுக்காரர் என்பதாலேயே ஒற்றை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ஏற முடியாது. செல்லுபடியாகும் அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் கனடாக்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்காவும் இப்படித்தான், தன் குடிமக்கள் தன் பாஸ்போர்ட்டில்தான் வரவேண்டும், போகவேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது.

காடு திறக்கும்வரை வீட்டுக்கும் வர முடியாது, விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் தேடிப் பார்த்ததில் ஒரு வழி கிடைத்தது. பத்து நாளுக்குள் விமானம் இருந்தால், கனடா குடிமக்கள் இணையத்தில் ஒரு சிறப்பு அனுமதி கேட்கலாம், நாம் குறிக்கும் பயணத் தேதியிலிருந்து 4 நாள் செல்லும். பேரனுக்குத் தனி, அவளுக்குத் தனி. கிடைத்தது, போய்ச் சேர்ந்தார்கள், டிக்கெட் மாற்றிய செலவு தனிக்கதை. ஆனால் கையில் இருக்கும் பாஸ்போர்ட் கனடாவுக்கு விசா தேவைப்படாத நாட்டுடையதாக இருந்தால்தான் இந்த வழி. என் மருமகன் யாழ்ப்பாணத்துக்காரர், இலங்கைக் குடியுரிமையும் வைத்திருக்கிறார். அவர் அந்த பாஸ்போர்ட்டை மட்டும் கொண்டுவந்து மாட்டியிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

ஆகவே இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். விமான கவுண்டரில் போகிற நாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். குடியேற்ற அதிகாரியிடம் எந்த பாஸ்போர்ட்டில் உள்ளே வந்தீர்களோ அதையே காட்டி வெளியே போங்கள், இடையில் மாற்றினால் வந்ததற்கான பதிவே இல்லாத ஆளாகிவிடுவீர்கள். பெயரையும் பாருங்கள். நம் ஆட்களுக்கு ஒன்றில் அப்பா பெயர் கடைசியில் இருக்கும், இன்னொன்றில் கணவர் பெயர், டிக்கெட்டில் வேறு ஒன்று. என் மகள் திருமணச் சான்றிதழ் நகலை எப்போதும் கூடவே வைத்திருப்பாள்.

இரண்டாவது தவறு எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. ஓசிஐ அட்டையை "இந்தியா தரும் இரட்டைக் குடியுரிமை" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், "இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்" என்று பீரோவில் வைத்திருப்பதும் அதில் பயணம் செய்வதும் குற்றம். அப்படி வைத்திருக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களை குன்னூரிலும் ஊட்டியிலும் எனக்கே தெரியும், அவர்கள் உங்கள் இதழையும் படிப்பவர்கள். ஓசிஐ என்பது எத்தனை தடவை வேண்டுமானாலும் விசா இல்லாமல் வந்துபோக, தங்க, ஓர் ஆயுள் அனுமதி, அவ்வளவுதான். ஓட்டுப் போட முடியாது. எங்கள் முக்கால் ஏக்கர் தேயிலைக்குப் பக்கத்துத் துண்டு விலைக்கு வந்தபோது மகள் தன் பெயரில் வாங்க ஆசைப்பட்டாள், முடியவில்லை. விவசாய நிலமும் தோட்டமும் ஓசிஐக்காரர் விலைக்கு வாங்கக் கூடாது. எங்களுக்குப் பிறகு வாரிசாக அவளுக்கு வரலாம், அதற்குத் தடையில்லை.

குடியுரிமை விஷயத்தில் தப்பான தகவலைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. 1948-ல் இலங்கை கொண்டுவந்த சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் இருந்த எங்கள் ஆட்கள் லட்சக்கணக்கில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனார்கள், என் அப்பாவும் அதில் ஒருவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, 1972-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தோம். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்குத் தேயிலை பறிக்க வந்தபோது எனக்கு 9 வயது. அப்பா தன்னுடைய அந்த ஒற்றை பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார், கை கழுவித் துடைக்காமல் எங்களைத் தொட விடமாட்டார். போன ஜூலையில் பேரனிடம் எடுத்துக் காட்டினேன். "தாத்தாவோட அப்பாவுக்கு ஒண்ணுதானா?" என்று கேட்டான்.

திருத்தத்தை அடுத்த இதழிலேயே போடுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள் இப்போதே டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.