சிங்கத்துக்குக் கீழே தண்ணீர்

அன்பு மகன்,

அந்தச் செப்புக் காசு என்ன விலை போகும் என்று போனில் கேட்டாய். பெரிதாக ஒன்றும் போகாது மனே. ஒல்லாந்தரின், அதுதான் நீ இருக்கும் நெதர்லாந்துக்காரரின், கிழக்கிந்தியக் கம்பனி அதை மூட்டை மூட்டையாக அடித்து ஜாவாவுக்கும் இங்கே இலங்கைக்கும் கப்பலேற்றியது.

அம்மம்மாவின் றங்குப் பெட்டிக்குள் அது எப்படி வந்தது என்று சொல்ல இப்போது ஆளில்லை. ஒரு பக்கம் கம்பனிப் பெயரின் சுருக்கமான வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் பின்னிய முத்திரை. கீழே வருடத்தில் 17 மட்டும் தெரிகிறது, மிச்சம் தேய்ந்துவிட்டது. மறுபக்கம் முடி வைத்த சிங்கம். படம் எடுத்து, பழங்காசு சேர்ப்பவர்களின் முகநூல் குழுவில் போட்டேன். நீ இருக்கும் நாட்டுக்காரர் ஒருவர், "சிங்கத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பார்த்தால், ஓம், அலை! சிங்கத்தின் பாதி உடம்பு கடலுக்குள். அப்படியென்றால் அது நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்துக் காசு, மிடில்பர்க் நகரில் அடித்தது என்றார். ஒல்லாந்து என்றே பெயர் கொண்ட இன்னொரு மாகாணத்துச் சிங்கம் தண்ணீரில் நிற்காதாம்.

கம்பனி தன் முத்திரையோடு இந்தச் சிறு காசை அடிக்கத் தொடங்கியதே 1726 இல்தான் என்று இன்னொருவர் எழுதினார். இங்கே மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1638 இல். ஆகவே, கோட்டை பிடிக்க வந்த சிப்பாயின் மடியில் இருந்த காசு என்று உன் மாமா சொல்லும் கதை சரிவராது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

குழுவில் எரிச்சலூட்டுகிறவர்களும் உண்டு. எதைப் போட்டாலும் "விற்பீங்களா?" என்று தனியாகச் செய்தி அனுப்புவார்கள். நான் பதில் போடுவதில்லை. நீயும் விலைதான் கேட்டாய், ஆனால் நீ என் பிள்ளை, அதனால்தான் இவ்வளவு நீளப் பதில்.

அம்மா புளி போட்டு மினுக்கித் தருகிறேன் என்று நிற்கிறா. விடமாட்டேன். புளி செம்பின் மேல்தோலை அரித்துவிடும். ஏற்கனவே தேய்ந்து கிடக்கிற அலையும் அதோடு போய்விடும்.

காசை அங்கே அனுப்பச் சொன்னாயே, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் இப்படியான பழம்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அந்தப் பேச்சு வேண்டாம். உனக்கு மிடில்பர்க் ரயிலில் போகிற தூரம்தானே? சீலாந்துக் கொடியில் இப்போதும் அதே சிங்கம் அலைக்குள் நிற்கிறதாம். லீவு கிடைத்தால் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு, குழுவில் போட வேண்டும்.

அப்பா,
கல்லடி