பெயர் கேட்க மறந்த அண்ணனுக்கு நன்றி

காலையில் பத்து விநாடி செல்ஃப் அடித்தும் என் கார் கிளம்பாமல் முனகியபோது, பக்கத்து வண்டியிலிருந்து இறங்கி வந்தீர்கள். பேட்டரி போயிருக்கும் என்றேன். "செல்ஃப் மோட்டார் நல்லாத்தானே சுத்துது? பெட்ரோல்தான் நேரத்துக்கு வந்து சேரலை" என்றீர்கள்.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்பச் சொல்லி, பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டீர்கள். டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஓடி நின்றது. அப்படியே மூன்று முறை. அப்புறம் செல்ஃப் அடித்தால், உடனே பிடித்துக்கொண்டது!

இரவில் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்கிவிடுகிறது; பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வோ, இன்ஜினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுவதோ காரணமாக இருக்கலாம், அழுத்தம் காட்டும் கேஜ் போட்டுப் பார்க்காமல் எதையும் மாற்றாதே என்றீர்கள். பார்த்தோம். இன்ஜினை அணைத்ததும் முள் மளமளவென்று இறங்கியது. பம்ப்பிலிருந்து வரும் குழாயை அடைத்ததும் அப்படியே நின்றது. அப்படியென்றால் ஒழுகல் இன்ஜெக்டர் பக்கம் இல்லை, வால்வுதான். நான் பேட்டரிக்குப் பணம் எடுத்து வைத்திருந்தேன்! ரொம்ப நன்றி அண்ணா.